அட்சயாவைக் கைமாற்றியவர்

கனடாவின் ஸ்காபரோவில் பலருக்குக் கிறிஸ்துநாயகத்தின் முழுப்பெயர் தெரியாது. 'கோச்' என்றால் தெரியும். வாரநாட்களில் அவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் பழுதாகும் லிஃப்ற்களைத் திருத்துபவர். சனிக்கிழமைகளில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளின் ஐஸ் ஹொக்கி அணி ஒன்றுக்குப் பயிற்சியாளர். அணியின் பெயர் ஹைலன்ட் ஹோக்ஸ். தமிழ் வானொலி ஒன்று ஒருமுறை அவரைப் பேட்டி கண்டது. அந்த ஒலிப்பதிவை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார்.

இலங்கையின் ஊர்காவற்றுறையிலிருந்து சிறுவனாக வந்தவர். பதினாலு வயதில் யாரோ பாவித்துக் கழித்த ஸ்கேற் சோடியோடு பள்ளிக்கூட அணித் தேர்வுக்குப் போனார். முதல்நாளே பெயரை வெட்டிவிட்டார்கள். அன்று அரீனாவின் கழிப்பறையில் உட்கார்ந்து அழுததை மனைவி பேர்ணடெற்றிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மகள் ஜெசிகா ஐஸில் முதன்முதலாகக் கால் வைத்தபோது, அவள் ஒருநாளும் அப்படி அழக்கூடாது என்று முடிவெடுத்தார். கோச் ஆனதற்கும் அதுதான் காரணம்.

அணியில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் இருந்தாள். அட்சயா. அவளுடைய தகப்பன் விநாயகமூர்த்தி கார் ஓட்டப் பழக்குபவர். கிறிஸ்துநாயகமும் அவரும் உயர்தரப் பள்ளியில் ஒரே வகுப்பு. இரண்டு வீடும் மோர்னிங்சைட் பக்கம்தான். ஆறு வருடமாக ஜெசிகாவும் அட்சயாவும் ஒரே காரில் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். ஒரு கிழமை இவருடைய கார், மறு கிழமை அவருடையது.

அந்த வருடம் அணி தோற்கத் தொடங்கியது. ஒக்ரோபரில் தோற்றது, நவம்பரிலும் தோற்றது. கோச் பக்கப் பலகைக்குப் பின்னால் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினார். பக் என்கிற அந்த றப்பர் வட்டு எங்கே போனாலும் எல்லோரும் அதைத் துரத்தவேண்டும் என்பது அவருடைய பாணி. முன்வரிசையின் நடுவில், சென்ரர் இடத்தில், ஜெசிகாவைத்தான் விடுவார். அவளுக்கு அந்த இடத்துக்கு வேண்டிய வேகம் இல்லை. அது மற்றப் பெற்றோருக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். ஜெசிகா களைத்து மூச்சு வாங்கும்போதும் கோச் அவளை வெளியே எடுக்கமாட்டார். பெஞ்சில் இருக்கும் அட்சயா தன்னை எப்போது விடுவார் என்று ஹெல்மெற்றைப் போட்டபடி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த லீக்கில் அணிகள் எல்லாம் ஏறக்குறையச் சமபலமாக இருக்கவேண்டும். அதற்காகக் கிறிஸ்மஸுக்கு முன்னர் ஒரு கூட்டம் வைப்பார்கள். அடியில் கிடக்கிற அணி ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, மேலே நிற்கிற அணியிலிருந்து ஒரு பிள்ளையை எடுக்கலாம். கூட்டத்தை நடத்தியவர் லீக் பொறுப்பாளர் யோகராணி. எதிரில் மற்ற அணிகளின் கோச்மார் இருந்தார்கள்.

"கோச், நீங்கள் ஆரை மாத்துறியள்?" என்று யோகராணி கேட்டார்.

சென்ரர் இடத்தில் வேகமான பிள்ளை வேண்டும் என்றால், மாற்றவேண்டியது அந்த இடத்தில் நிற்கும் பிள்ளையைத்தான். காரில் வரும்போதே கிறிஸ்துநாயகத்துக்கு அது தெரிந்திருந்தது. கோச்சின் மகளைக் கட்டாயம் அவரோடே விடவேண்டும் என்று அந்த லீக்கில் விதி எதுவும் கிடையாது.

"அட்சயா," என்றார்.

"நல்ல பிள்ளையல்லோ. என்ன காரணம்?"

காரணம் கேட்பார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "பிள்ளை முயற்சி செய்யிறேல்லை," என்றார். அது போதாதென்று தோன்றியது. "கொஞ்சம் சோம்பல்."

யோகராணி தலையை ஆட்டினார். அட்சயாவைப் பெறப்போகும் அணியின் கோச்சும் தலையை ஆட்டினார். அட்சயாவுக்குப் பதிலாக ஷாமிலா என்ற உயரமான பிள்ளை ஹோக்ஸுக்கு வருவதாக முடிவாயிற்று.

நண்பனுக்கு அவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பின்னேரம் லீக்கிலிருந்து மின்னஞ்சல் போனதும் விநாயகமூர்த்தி அவருக்குப் போன் எடுத்தார். கிறிஸ்துநாயகம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வேலையாக நின்றார். திரையில் பெயரைப் பார்த்தார். அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, 'லீக் எடுத்த முடிவு மச்சான், நான் என்ன செய்யிறது' என்று எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை.

ஷாமிலா முதல்நாள் கண் சிவந்துபோய் வந்தாள். பழைய அணியை விட்டு வர அவளுக்கு விருப்பமில்லை. கிறிஸ்துநாயகம் அவளைப் பார்த்தும் கத்தினார். அவள் வந்த பிறகும் அணி தோற்றது. ஜனவரி தொடக்கத்தில் பெற்றோர் சிலர் முறைப்பாடு செய்ய, யோகராணி அவரைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. மிச்ச சீசனை நிலாணி பாக்கட்டும். யுனிவர்சிற்றி ஹொக்கி ரீமில விளையாடின பிள்ளை."

"ஓம்," என்றார் அவர். வீட்டுக்கு வந்து, வேலை கூடிவிட்டதால் தானாகவே விலகியதாகப் பேர்ணடெற்றிடம் சொன்னார். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் அவளுக்கு ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. அவள் காட்டிக்கொள்ளாமல் சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தாள்.

நிலாணிக்கு முப்பது வயதுகூட இராது. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள், பிசியோதெரபி வேலை. அவள் கத்தவில்லை. பிள்ளைகளை ஐஸில் ஒரு நிமிடத்துக்கு மேல் விடவில்லை. களைக்கும் முன்னரே வெளியே எடுத்து அடுத்த வரிசையை விட்டாள். எல்லோரும் பக்கைத் துரத்த வேண்டாம், ஒருத்தி துரத்தினால் மற்றவர்கள் அவரவர் இடத்தில் நிற்கவேண்டும் என்றாள். ஷாமிலாவை நடுவில் விட்டாள். ஜெசிகாவைப் பின்னுக்கு, டிபென்ஸுக்கு எடுத்தாள். அங்கே வேகத்தைவிட நிதானம் வேண்டும். ஜெசிகாவிடம் நிதானம் இருந்தது. அது தகப்பனுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நிலாணியின் முதல் ஆட்டத்துக்குக் கிறிஸ்துநாயகம் போய்ப் பார்வையாளர் இருக்கைகளில் மேல்வரிசையில் இருந்தார். பக்கத்தில் பேர்ணடெற். எதிரணி ஒரு கோல் போட்டது. அவருடைய நெஞ்சுக்குள் ஏதோ இலேசாயிற்று. தன்னால் முடியாதது இவளாலும் முடியவில்லை என்ற நிம்மதி அது. அடுத்த பகுதியில் ஷாமிலா ஒரு கோல் போட்டாள், பிறகு இன்னொன்று. பெற்றோர் எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். அவர் மட்டும் எழும்பவில்லை. கைகளை ஜக்கெற் பைகளுக்குள் விட்டபடி இருந்தார்.

பேர்ணடெற் குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ," என்றாள் மெல்ல. "கீழ விளையாடுறது உங்கட பிள்ளை."

அவர் எழும்பிக் கைதட்டினார். மற்றவர்கள் எல்லாம் அதற்குள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஹோக்ஸ் அன்று வென்றது. அடுத்த கிழமையும் வென்றது. மாசி நடுவில் அடியிலிருந்த அணி நடுவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் அரீனாவின் முன்மண்டபத்தில், கோப்பிக் கடை வரிசையில், டெனிஸ்டன் என்ற இன்னொரு தகப்பன் அவருடைய தோளில் தட்டினார்.

"அண்ணை, ஆர் என்ன சொன்னாலும் அந்த ட்ரேட் உங்கட மூளை. அந்தப் பிள்ளையைக் குடுத்திட்டு ஷாமிலாவை எடுத்தியள் பாருங்கோ, அதிலதான் ரீம் எழும்பினது."

கோச் வேலை பறிபோன நாளிலிருந்து யாரும் அவரிடம் நல்ல வார்த்தை சொன்னதில்லை. கிறிஸ்துநாயகம் சிரித்தார். "சில முடிவுகளை எடுக்கத்தானே வேணும்," என்றார்.

திரும்பியபோது, வரிசையில் இரண்டு பேர் தள்ளி விநாயகமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். அரீனாவின் மற்ற ஐஸ்தளத்தில் அட்சயாவின் புதிய அணி விளையாடிக்கொண்டிருந்தது.

"வணக்கம். எப்பிடிச் சுகமாய் இருக்கிறீங்களோ?" என்றார் விநாயகமூர்த்தி.

முப்பது வருடப் பழக்கத்தில் அவர் இவரை 'நீங்கள்' என்று பேசியது அதுதான் முதல்தடவை. கிறிஸ்துநாயகம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கோப்பி வாங்காமலே வரிசையை விட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஜெசிகா முன்னிருக்கையில் இருந்தாள். வழமைபோலப் போனைப் பார்க்கவில்லை.

"அப்பா, அட்சயா லேசி எண்டு நீங்கள் சொன்னீங்களா?"

"ஆர் சொன்னது?"

"அவளின்ர நியூ கோச் ஃபெர்ஸ்ற் டேயே சொன்னாவாம், இஞ்ச லேசியா இருக்கேலாது எண்டு. ரீமில எல்லாருக்கும் முன்னால."

அவர் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். "மீற்றிங்கில ஒரு காரணம் கேட்டவை. சும்மா சொன்னது."

"அவள் ஒரு ப்ராக்ரிஸ்கூட மிஸ் பண்ணேல்ல அப்பா. நான்தான் மிஸ் பண்ணினனான்." வெளியே பார்த்தபடி தொடர்ந்தாள். "நீங்கள் என்னைத்தான் ட்ரேட் பண்ணியிருக்கவேணும். எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல்ல அவளுக்குப் பக்கத்தில இருக்க எனக்கு வெக்கமா இருக்கு."

மகள் அழக்கூடாது என்றுதான் அவர் அதைச் செய்தார். இப்போது அவள் அழாமல், கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். அழுதிருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. ஜெசிகாவும் இறங்கவில்லை.

"என்னோட வாறியோ?" என்று கேட்டார்.

"எங்க?"

"அட்சயா வீட்டை."

விநாயகமூர்த்தியின் மனைவி சந்திரவதனா கதவைத் திறந்தார். இருவரையும் கண்டதும் ஒருகணம் தயங்கி, "வாங்கோ," என்று வழிவிட்டார். விநாயகமூர்த்தியும் அட்சயாவும் ஆட்டம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். அட்சயாவின் ஈரத் தலைமுடி இன்னும் காயவில்லை. இருக்கச் சொன்னார்கள். கிறிஸ்துநாயகம் இருக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்.

"பிள்ளை, நான் கூட்டத்தில உன்னைச் சோம்பல் எண்டு சொன்னனான். அது பொய். நீ ஒருநாளும் அப்பிடி விளையாடேல்லை. மாத்தவேண்டியது ஜெசிகாவை. எனக்கு மனம் வரேல்லை. அதுக்காக உன்னில பிழை சொன்னனான்."

ஜெசிகா அவருக்குப் பின்னால் நின்றாள். தன் மகளைப் பற்றித் தன் வாயால் அப்படிச் சொல்ல நேரும் என்று அவர் எண்ணியதில்லை. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

அட்சயா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தினமும் யோசிச்சனான் அங்கிள்," என்றாள். "உண்மையா லேசியோ எண்டு. பிறகு அந்த ரீமில மூச்சு விடாம ஓடினனான். போன கிழமை சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்திட்டன்."

சந்திரவதனா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

விநாயகமூர்த்தி பிறகு சொன்னார்: "பிள்ளையை மாத்தினது எனக்குப் பிரச்சினை இல்லை. என்னட்டை முதலே சொல்லியிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருப்பன். போன் எடுத்தனான், நீங்கள் எடுக்கேல்லை. லீக் முடிவு எண்டு எழுதினீங்கள். இண்டைக்கு அங்க நிண்டு சிரிச்சுக்கொண்டு பேர் வாங்கிறீங்கள்." குரலை உயர்த்தவில்லை. "அதுதான் ஏலாமக் கிடக்கு."

"ஓம்," என்றார் கிறிஸ்துநாயகம்.

பெரியவர்கள் அப்படி நிற்க, ஜெசிகா மேசையைச் சுற்றிப் போய் அட்சயாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அட்சயா தன் கதிரையைத் தள்ளி அவளுக்கு இடம் விட்டாள்.

திங்கட்கிழமை அவர் யோகராணிக்குப் போன் எடுத்து, கூட்டத்தில் சொன்ன காரணம் பொய் என்றார். "அண்ணை, நீங்களோ இப்பிடி?" என்றார் யோகராணி. அட்சயாவின் கோச்சிடம் தானே பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த 'நீங்களோ' பல நாட்களுக்குக் கிறிஸ்துநாயகத்தின் காதில் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை முன்மண்டபத்தில் டெனிஸ்டன் வேறு இரண்டு தகப்பன்மாரோடு நின்றார். கிறிஸ்துநாயகம் நேராக அவரிடம் போனார். "தம்பி, நீர் அண்டைக்குச் சொன்னது பிழை. அது என்ர மூளை இல்லை. என்ர பிள்ளையைக் காப்பாத்த இன்னொருத்தன்ர பிள்ளையில பழி போட்டு அனுப்பினனான். ரீமை எழுப்பினது நிலாணி." மற்ற இருவரும் போனை எடுத்துப் பார்த்தார்கள். கதை அன்றைக்கே எல்லாப் பெற்றோருக்கும் பரவியது. அதற்குப் பிறகு சிலர் அவரைக் கண்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள்.

நிலாணிக்கும் கதை எட்டியிருந்தது. ஆனாலும், பெஞ்சுக் கதவைத் திறந்து மூட ஒரு ஆள் தேவை, வருவீர்களா என்று அவரிடம் கேட்டாள். மறுக்கத்தான் நினைத்தார். தான் ஆட்டிவைத்த பெஞ்சில் கதவு பிடிப்பதா என்று வந்தது. பிறகு, அந்த நினைப்பை நினைத்தே கூசி, சரி என்றார். பிள்ளைகள் களைத்து வரும்போது கதவைத் திறந்தார். போகும்போது மூடினார். ஜெசிகா மூச்சுவாங்கியபடி வந்து இருக்கும்போது தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். விளையாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவள் பின்வரிசையில் நின்று எதிரணியைத் தடுத்துத் திருப்புவதை முதல்முறையாக இவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். இத்தனை வருடமும் தன் மகளைப் பார்க்காமலே விளையாட விட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

ஹோக்ஸ் அரையிறுதிவரை போய், கடைசி நேரத்தில் விழுந்த ஒரு கோலால் தோற்றது. பிள்ளைகள் அழுதார்கள், பிறகு பீட்சா சாப்பிட்டார்கள். அட்சயாவும் பழைய தோழிகளைப் பார்க்க அந்த விருந்துக்கு வந்திருந்தாள். அடுத்த வருடமும் புதிய அணியிலேயே இருக்கப்போவதாகச் சொன்னாள். புது அணியின் கோச் வந்து மன்னிப்புக் கேட்டாவாம், இப்போது தன்னை முதல் வரிசையில் விடுகிறாவாம்.

விநாயகமூர்த்தி உள்ளே வரவில்லை. தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தார். கிறிஸ்துநாயகம் வெளியே போய் அவருடைய ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடி இறங்கியது.

"அடுத்த வருசம் கோச் பண்ணுறீங்களோ?" என்று விநாயகமூர்த்தி கேட்டார்.

"இல்லை."

"ஏன்?"

"எனக்கு என்ர பிள்ளையைத் தவிர ஒருத்தரும் கண்ணில தெரியேல்லை. அவளையும் ஒழுங்காத் தெரியேல்லை. அப்பிடியான ஆள் மற்றவையின்ர பிள்ளையளைப் பொறுப்பெடுக்கக் கூடாது."

விநாயகமூர்த்தி ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி முன்னே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காற்று அடித்தது. உள்ளே ஏறு என்று அவர் சொல்லவில்லை, இவரும் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியை மட்டும் அவர் ஏற்றவில்லை. பிள்ளைகள் வெளியே வரும்வரை, வீதியில் பனி உருகிக் கிடந்த குழிகளைப் பற்றியும், காரின் குளிர்கால ரயரை எப்போது மாற்றுவது என்பதைப் பற்றியும் இருவரும் இடைக்கிடை ஏதோ பேசினார்கள்.