வியாழக்கிழமைக்கு ஓர் ஆள்

ஒலக்கூர் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், தான் தேனீ வளர்ப்பதாக வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஆதிநாராயணன் விடவில்லை. “வியாழக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா சார்? அரை மணி நேரம் பேசினா போதும். சாப்பாடு நம்ம பொறுப்பு.” அவர் இறங்குவதற்குள் கைப்பேசி எண்ணை வாங்கியாயிற்று.

திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஆதிநாராயணனுக்கு ஊர்ச் சேவைச் சங்கம் கொடுத்திருக்கும் வேலை இது: வாரக் கூட்டத்துக்குச் சிறப்புப் பேச்சாளர் பிடிப்பது. கல்யாணப் பந்தியிலும் பிடிப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அந்த டாக்டரிடம் தேதி வாங்கியவர். அவர் மட்டும் மேடை ஏறமாட்டார். மைக்கை நீட்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார்.

பேச்சு முடிந்த பிறகுதான் சாப்பாடு என்பது அவர் செய்த ஏற்பாடு. முன்பெல்லாம் சாப்பாடு முதலில் இருந்தது. கை கழுவிய ஈரத்தோடு பாதி சபை படியிறங்கிவிடும். ஆனால் பசி வயிற்றோடு சர்க்கரை நோய் பற்றிக் கேட்பது நிலக்கடலை வியாபாரி ‘மல்லாட்டை மண்டி’ செல்வகுமாருக்குப் பொறுக்கவில்லை. “பேஜாரா கீது. பேச்சை எடுத்துடலாம். மாசம் ஒரு தபா கூடுவோம், சாப்புடுவோம், போவோம்” என்று தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த வியாழன் ஓட்டெடுப்பு. தலையெண்ணிப் பார்த்தால் அவர் பக்கமே அதிகம் இருந்தது. ஆதிநாராயணன் அந்த நாளுக்கென்று நல்ல பேச்சாளராகத் தேடிப் பிடித்தார்.

அன்றைக்குப் பார்த்து, விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய கண் மருத்துவர் அவசர அறுவை சிகிச்சை என்று கைவிரித்துவிட்டார். தேனீக்காரரின் கைப்பேசி அணைந்து கிடந்தது. மாடிக் கூடத்தில் சபை கூடிவிட்டது.

“இன்னா ஆதி, ஆள் சிக்கலியா? தோசைக்கல்லு காயுது. ஜல்தி ஓட்டெடுத்து முடி” என்றார் முன்வரிசையிலிருந்து செல்வகுமார்.

ஆதிநாராயணன் பொன்னாடையைப் பிரித்தபடி அவரிடமே நடந்தார். “பேச்சு ஏன் வேணாம்னு நீங்களே மேல வந்து பேசுங்க மாமா. அதான் இன்னிக்குப் பேச்சு.”

சபை சிரித்தது. தோளில் பொன்னாடை விழுந்துவிட்டபின் எழுந்திருக்காமல் முடியுமா?

“டாக்டருங்க வராங்க. நோய் வராம இருக்க இன்னா பண்ணணும்னு சொல்றாங்க. வந்தப்பறம் வீட்ல இருக்கறவன் இன்னா பண்றதுன்னு எவனும் சொல்லல. இதுக்கா பட்டினி கெடக்கறோம்?”

கைதட்டல் எழுந்தது. இறங்கப் போனவர், ஏனோ இறங்கவில்லை.

“எங்க வீட்ல அது படுத்தப்ப, எனக்குப் பொரட்டிப் படுக்க வைக்கவே தெரியல. இழுத்துட்டேன். முதுகுத் தோலு வழண்டுடுச்சி. அப்பறம் நானா கத்துக்கினேன். ஆளைப் புடிச்சி இழுக்கக் கூடாது. அடியில பழைய பொடவைய மடிச்சிப் போட்டு, அந்தப் பொடவையப் புடிச்சித் திருப்பணும்.”

மனைவி அஞ்சம்மாள் போனபிறகு அந்தப் பேச்சையே அவர் யாரிடமும் எடுத்ததில்லை.

பின்வரிசையில் வழக்கறிஞர் தேவநாதன் எழுந்தார். சங்கத்தில் அவர் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை. “அண்ணே, எங்கம்மா படுத்துக்கினு இருக்காங்க. கஞ்சி ஊத்தினா பொரை ஏறுது.”

“படுக்க வச்சிக் குடுக்காதப்பா. முதுகுக்குத் தலகாணி வச்சி ஒக்கார வை. கரண்டில கொஞ்சமா குடு. முழுங்கிட்டாங்களான்னு பார்த்துட்டு அடுத்த கரண்டி. அவசரப்படாத. அவங்களுக்கு எங்க போவணும்?”

சிலர் சிரித்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கேட்டார். தோசை தயார் என்று சமையல்காரர் கதவருகே வந்து கைகாட்டினார், யாரும் திரும்பவில்லை. சங்கத் தலைவர், ஆதிநாராயணனின் காதருகே குனிந்து, “ஓட்டெடுப்பு...?” என்று இழுத்தார்.

மேடையில் செல்வகுமாரின் குரல் தணிந்துகொண்டே போனது. படுத்தவருக்கு வலிக்காமல் சிக்கெடுத்துத் தலை வாருவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்கள்.

ஆதிநாராயணன் எழுந்து சுவரோரமாகப் போய், கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.