துக்கமணி அடிக்காத நாள்

என் கணவர் இறந்த மறுநாள் காலையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. எங்கள் கரையில் யாராவது இறந்தால் அந்த மணியை அடிப்பார்கள். அது கேட்டால், அடக்கம் முடியும்வரை ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அன்று மணி அடிக்காததால் படகுகள் போயின. எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு நேரேதான் கரை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக முடுக்கப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. கோபம் வந்ததா என்று பிறகு என் தங்கை கேட்டாள். ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பை கையில் இருந்தது. அது ஆறிப்போயிருந்தது.

முதல்நாள் பின்னேரம் அவருக்கு நெஞ்சு நொந்தது. அதனால் அவர் கடலுக்குப் போகவில்லை, அவருடைய படகுக்காரர் மட்டும் இரவுத் தொழிலுக்குப் போனார்கள். பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மணி அடிக்காததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவர் கோயிலை விட்டு, ஒரு பாஸ்டர் நடத்துகிற சபைக்குப் போனவர்.

அது நடந்து அப்போது இரண்டு வருடம் இருக்கும். அதற்கு முன் அவர் நன்றாகக் குடிப்பார். எத்தனை நேர்த்தி வைத்தும், அப்போதிருந்த பங்குச் சுவாமியாரிடம் சொல்லி அழுதும் அது நிற்கவில்லை. கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் பழக்கமான ஒருவர் அவரைச் சபைச் செபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடி நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவரைக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் முழுக்கி எடுத்தார். குழந்தையில் கோயிலில் தலையில் ஊற்றிய தண்ணீர் கணக்கில் இல்லை, அறிந்து விசுவாசித்த பிறகு எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். நான் "ஓம்" என்றேன். விறாந்தையில் இருந்த அந்தோனியார் சுருவத்தை அவர் உடைக்கவில்லை. "உன்ரை அறையிலை வைச்சுக்கொள்," என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த சண்டை.

ஆனால் வருடத்தில் ஒருநாள் பிடிக்கிற மீனைக் கோயிலுக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. அந்த நாளில் தன் பங்கைக் கொடுக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பருக்கு அவர் தண்ணீரில் முழுகியதைவிட இதுதான் சுட்டது.

பத்து மணியளவில் பெட்டி வீட்டுக்கு வந்தது. முற்றத்தில் போட்ட பந்தலின் ஒரு பக்கத்தில் மூப்பரும் கோயில் ஆட்களும் இருந்தார்கள். மற்றப் பக்கத்தில் பாஸ்டரும் சபைக்காரரும் இருந்தார்கள். நடுவில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. நான் பெட்டியின் தலைமாட்டில், சுவரோடு இருந்தேன். அவரை எங்கே அடக்குவது என்பதுதான் கேள்வி. எங்கள் கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் அவருடைய தாய் தகப்பன் பக்கத்திலா, அல்லது சபைக்காரர் தங்கள் ஆட்களை அடக்குகிற பொதுச் சுடலையிலா? சேமக்காலை என்றால் கோயில் வேலிக்கு அந்தப் பக்கம், நடந்து போகிற தூரம். பொதுச் சுடலைக்கு இரண்டு பஸ் ஏறவேண்டும். எனக்கும் ஒருநாள் ஓரிடம் வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சனத்துக்கு முன்னால் வாய் வராது.

பாஸ்டர் கரவெட்டிப் பக்கத்து ஆள். சைவத்திலிருந்து வந்தவர். மரியாதையாகத்தான் தொடங்கினார். "நாங்கள் சண்டைக்கு வரேல்லை ஐயா. சகோதரன் விசுவாசத்திலை மரிச்சவர். தீர்த்தம் தெளிக்கிறது, மரிச்சவருக்காக மன்றாடுறது எல்லாம் வேதத்திலை இல்லை. அதை மட்டும் செய்யாதேங்கோ எண்டுதான் கேக்கிறம்."

"வேதத்திலை இல்லையோ?" என்றார் மூப்பர். "செத்தவைக்காகப் பலி குடுத்தது மக்கபேயர் ஆகமத்திலை இருக்கு. சுவாமி பிரசங்கத்திலை சொன்னவர். கொண்டாங்கோ வேதாகமத்தை, காட்டிறன்."

யாரோ உள்ளே போய், கட்டில் தலைமாட்டில் இருந்த வேதாகமத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது என் கணவர் சபையில் வாங்கியது. மூப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார். விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுத் தாள் தாளாகப் பார்த்தார். பந்தல் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆரோ கிழிச்சுப்போட்டாங்கள்," என்றார் கடைசியில்.

சபைக்காரர் பக்கத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். "கிழிக்கேல்லை ஐயா, எங்கடை வேதத்திலை அந்த ஆகமம் இல்லை."

"இல்லையெண்டால்? ஆர் எடுத்தது?"

"ஆரும் எடுக்கேல்லை. உங்கடை ஆக்கள் சேர்த்தது."

"எட, சேர்த்தது நாங்களோ! எது வேதம், எது வேதமில்லை எண்டு பிரிச்சு வைச்சதே கோயில்தானே. கோயில் இல்லாட்டி உங்கடை கையிலை உந்தப் புத்தகமே இராது."

"வேதத்தைத் தந்தது பரிசுத்த ஆவியானவர்," என்றார் பாஸ்டர். "கோயில் வேதத்துக்குக் கீழைதான். மேலை இல்லை."

"ஆவியானவர் உங்கடை வீட்டுக்குத் தபாலிலை அனுப்பினவரோ?"

இப்போது எங்கள் பக்கத்தில் சிரித்தார்கள். என் தங்கைகூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். நான் பெட்டிக்குள் பார்த்தேன். மூக்குத்துவாரத்தில் வைத்த பஞ்சு ஒரு பக்கம் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. அதைச் சரிசெய்தேன்.

அந்த நேரத்தில் சுவாமியார் வந்தார். இளம் சுவாமி. எங்கள் பங்குக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆயர் இல்லத்தில் கதைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். "மூப்பர், அவர் தானாக விட்டுப் போனவர். அதாலை பூசை வைக்கேலாது. அவரும் விரும்பியிருக்கமாட்டார். ஆனா குடும்பம் கேட்டால் சேமக்காலையிலை இடம் குடுக்கலாம்."

"குடும்பம் எண்டு ஆர்?" என்றார் மூப்பர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ்டர் எழும்பி என் பக்கம் வந்து, "அம்மா, அவர் சபையிலை சாட்சி சொன்னவர். பழையது ஒண்டும் தனக்கு வேண்டாம் எண்டவர். அதை நினைச்சுப் பாருங்கோ," என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நிலத்தைப் பார்த்தேன். "யோசிக்கட்டும், விடுங்கோ," என்று சுவாமியார் சொல்ல, திரும்பவும் அவர்களே கதைக்கத் தொடங்கினார்கள்.

அவருடைய படகுக்காரருக்குக் கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, சாரத்தை மடித்துக் கட்டியபடி நான்கு பேரும் நேரே வந்துவிட்டார்கள். பந்தலில் இருந்த ஒருவரையும் பார்க்கவில்லை. அவர்களில் மூத்தவர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். அவர் கோயில் ஆள்தான். பிறகு என் முன்னால் குந்தினார்.

"அக்கா, அண்ணையை எங்கை கொண்டு போறது?"

அவர் கேட்டது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. போன கார்த்திகையில், மரித்தவர்களின் நாளன்று ஊரெல்லாம் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தியது. அன்று விடிய, ஒருவரும் வருமுன்னம், என் கணவர் மண்வெட்டியோடு போய்த் தாய் தகப்பன் புதைகுழியில் புல் செருக்கிவிட்டு வந்தார். செபிக்கவில்லை. திரி கொளுத்தவில்லை. "காடாக் கிடந்தது," என்று மட்டும் சொன்னார். சபையில் அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

"தாய் தேப்பன்ரை பக்கத்திலை," என்றேன்.

"ஓம் அக்கா," என்றுவிட்டு அவர் எழும்பினார். நான்கு பேரும் தூக்கினார்கள். மூப்பரும் பாஸ்டரும் கதிரையை விட்டெழுந்து பின்னால் வரவேண்டியதாயிற்று.

சேமக்காலையில் சுவாமியார் அங்கியில்லாமல் ஓர் ஓரத்தில் நின்றார். தீர்த்தம் தெளிக்கவில்லை. பாஸ்டர் ஒரு சங்கீதம் வாசித்தார். அதைத்தான் நாங்கள் பூசையில் திருப்பாடல் என்று வாசிப்போம். மூப்பரின் உதடு அசைந்ததைக் கண்டேன். அவருக்கு அது மனப்பாடம். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டோம். எனக்கு அழுகை வரவில்லை. அது இரு பக்கத்தாருக்கும் பிடிக்கவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

சில கிழமை கழித்துச் சபைப் பெண்கள் இருவர் வந்தார்கள். இவர் போன வழியில் நானும் வரவேண்டும், இல்லாவிட்டால் அங்கே அவரைச் சந்திக்கமாட்டேன் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அவர்கள் கொண்டுவந்த வாழைப்பழத்தை வாங்கி வைத்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மூப்பர் வாசலில் மறித்தார். "உங்கடை வீட்டுக்கு அவையள் வந்து போறதாக் கேள்விப்பட்டன், பிள்ளை. அவன்ரை பக்கத்திலை உனக்கு ஒரு இடம் விட்டிருக்கு. நீயும் போனால் அதை நான் ஆருக்கும் சொல்லிக் காப்பாத்தேலாது. ஒருக்காத்தான் சுவாமி விட்டவர்."

"ஓம்," என்றேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகிறேன். கடைசி வாங்குப் பலகையில் இருக்கிறேன். எல்லாரும் எழும்பும்போது எழும்புகிறேன், முழங்காலில் நிற்கும்போது நிற்கிறேன். விசுவாசத்தாலா, அந்த ஆறடி நிலத்துக்காகவா என்று ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. பூசை முடிந்து சேமக்காலைக்குப் போகிறேன். அவருக்காகச் செபிக்கவேண்டும் என்கிறது கோயில். செபிக்கத் தேவையில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்றிருப்பார் அவர். நான் புல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறேன்.