விழுவதற்கென்றே ஒருத்தர்

என் வீட்டுக்காரருக்குத் தோற்பதுதான் தொழில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேடை மல்யுத்தம் நடத்துகிற ஒரு கம்பெனியில், எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலையைத்தான் பார்க்கிறார். யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம் அது. ஜெயிக்கிறவன் பெரிய ஆளாகத் தெரிய வேண்டுமானால் எதிரே ஒருத்தர் அழகாக விழ வேண்டும். அந்த ஒருத்தர் இவர். கூட வேலை செய்கிறவர்கள் 'மெத்தை' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இவரோ திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

முதலில் அங்கே கயிறு கட்டி, பலகை அடித்து, மேடை போடுகிற ஆளாகத்தான் சேர்ந்தார். ஒருநாள் தோற்க வேண்டியவன் வரவில்லை. ஒரு முகமூடியை மாட்டி இவரை மேலே ஏற்றிவிட்டார்கள். விழுந்ததைப் பார்த்து முதலாளி அசந்துபோனாராம். அன்றிலிருந்து அதுவே தொழிலாகிவிட்டது. இன்றுவரை வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்கொள்வார், நான் முதுகுக்குத் தைலம் தேய்ப்பேன். "ஒரு தடவையாவது ஜெயிக்க விடச் சொல்லிக் கேளுங்களேன்" என்பேன். "கேப்போம், கேப்போம்" என்பார். கேட்கிற ஆளா இவர்!

போன வருஷம் வீடியோ கேம் தயாரிக்கிறவர்கள் வந்தார்கள். மல்யுத்த விளையாட்டாம். கடைகளில் நிற்குமே, காசு போட்டு ஆடுகிற ஆள் உயர மெஷின், அதற்கும், வீட்டு டிவியில் மாட்டி ஆடுவதற்கும். நிஜ ஆட்கள் மோதுவதைப் படம்பிடித்து, அந்த அசைவை அப்படியே திரையில் வரும் வீரர்களுக்குக் கொடுப்பார்கள். உடம்பை இறுக்கும் கறுப்பு உடை, அதன்மேல் கோலிக்குண்டு அளவில் வெள்ளை உருண்டைகள், சுற்றிலும் கேமரா. விழுவதற்கு இவர். ஜெயிப்பதற்கு, ஜிம்மில் உடம்பு வளர்த்த ஓர் இளைஞன்.

அந்த இளைஞனுக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. "நாளைக்கு ஜெயிக்கிற சீனை நீங்களே பண்ணிடுங்க சார். சாம்பியனுக்கு உங்க முகத்தையே வச்சிடலாம்" என்றார் டைரக்டர். அதைக் கேட்டதும் எங்கள் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா தோற்கிறவர் என்று பள்ளிக்கூடத்தில் அவள் பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. "எங்கப்பா ஜெயிச்சுக் கையத் தூக்குவாரு, வந்து பாருங்கடி" என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். இவரும் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கித் தூக்கிப் பழகினார்.

மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னங்க, ஜெயிச்சீங்களா?"

"விழுந்துட்டேன்."

எதிராளியாக நிறுத்தியிருந்த வேறொருவன் குத்த வருவான், இவர் தடுத்து அவனைத் தூக்கிப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவன் கை முகத்துக்குப் பக்கத்தில் வந்ததுமே இவர் மல்லாந்துவிட்டார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி மல்லாந்தார். அவன் கை மேலே படக்கூட இல்லையாம்!

"தடுக்கச் சொன்னா ஏங்க விழுறீங்க?"

"கை வந்தா உடம்பு தானாப் போயிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

டைரக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க விழுறதுதான் சார் பிரமாதம், எல்லா வீரனுக்கும் இதையே வச்சுக்கிறோம்" என்று கைதட்டி அனுப்பிவிட்டார். கணுக்கால் சரியானதும் ஜெயிக்கிற காட்சி அந்த இளைஞனுக்கே போனது. சாம்பியனின் முகமும் அவனுக்குத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று தைலமே தேய்க்கவில்லை. மகளிடம் சொல்ல வேண்டுமே? நீங்க சொல்லுங்க என்றேன், நீயே சொல்லு என்றார். இரண்டு பேருமே சொல்லித் தொலைக்கவில்லை.

அந்த விளையாட்டு மெஷின் கடைக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் மகள் தன் வகுப்புத் தோழியையும் எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைவளாகத்தின் மேல்மாடி, காதைப் பிளக்கும் சத்தம். திரையில் வீரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

"எங்கடி உங்கப்பா?" என்றாள் தோழி.

மகள் என்னைப் பார்த்தாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் நான்தான் சொன்னேன்: "முகம் வரலைம்மா. விழுறது மட்டும்தான் அப்பா."

"யாரு விழும்போது?" என்றாள் மகள்.

"எல்லாரும்."

தோழி களுக்கென்று சிரித்தாள். மகள் சாம்பியனைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை ஓங்கி அடித்தாள். தோழி எடுத்திருந்த முரட்டு ஆள் மல்லாந்தான். தோள், இடுப்பு, கால், எல்லாம் இவரேதான். தோழி திருப்பி அடித்தாள். சாம்பியன் விழுந்தான். அதுவும் இவர்தான். மகள் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"எப்படி ஆடினாலும் அப்பாதாம்மா விழுறாரு" என்றாள்.

வீட்டில் ஒருநாளும் குரலை உயர்த்தாத மனிதர் கத்தினார்: "அடி! கையை எடுக்காத! நான் ஒழுங்கா விழுந்திருக்கேனான்னு பாக்கணும்."

அவள் அழுதுகொண்டே அடித்தாள். இவர் திரையருகே குனிந்து கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி விழுந்திருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.