நாற்பது நிமிடம்

1960 தையில், சரசாலையில், அதிகாலை ஐந்து பத்துக்குப் பிறந்த அருமைநாயகி, கலியாணப் பேச்சு வந்தபோது நாலரைக்குப் பிறந்தவரானார். உள்ள நேரப்படி செவ்வாய் எட்டில்; புருஷனுக்கு ஆகாது. தகப்பனார் சாத்திரியாரைப் பிடித்து நேரத்தை நாற்பது நிமிடம் முன்தள்ள, செவ்வாய் ஒன்பதுக்கு நகர்ந்தது. தென்மராட்சியில் கிரகங்களும் சொல்வழி கேட்கும்.

எண்பத்தைந்தில் தம்பிராசாவைக் கட்டினார். இந்திய இராணுவம் வந்தது, போனது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணச் சண்டையில் வலிகாமமே இடம்பெயர்ந்து வந்தபோது அவர்கள் வீட்டில் முப்பத்தொரு பேர். அடுத்த ஆடியில், இரண்டு வயது ஜெயனிக்குப் பால்மா வாங்கப் போன தம்பிராசாவைச் சென்ரியில், ஆமியின் சோதனைச் சாவடியில், மறித்தார்கள். அவருடைய சைக்கிள் ஒரு கிழமை அங்கே சாத்தியிருந்தது. பிறகு அதுவும் இல்லை. அன்று அந்த வழியால் போன வேறு பதினொரு ஆண்களும் திரும்பவில்லை.

ஊரில் ஆளுக்கொரு குற்றவாளி: ஆமி, இயக்கம், காட்டிக்கொடுத்தவன். அருமைநாயகிக்குத் தன் செவ்வாய். காணாமற்போனோரை விசாரிக்க வந்த எந்த ஆணைக்குழுவிலும் அதைச் சொல்லவில்லை, படிவத்தில் இடமுமில்லை. “அவர் உயிரோடை இருக்கிறார்” என்றுதான் சொன்னார். பொட்டை அழிக்கவில்லை, திதி கொடுக்கவில்லை. ஊருக்குப் புருஷன் உயிரோடிருந்தார். தனக்குள் அவரைத் தானே கொன்றிருந்தார். இருபத்தெட்டு வருடம் இரண்டும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்தன.

போன வருடம் ஜெயனிக்கு லண்டன் சம்பந்தம் வந்தது. அவளுக்கும் எட்டில் செவ்வாய். மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பு சுத்தம், செவ்வாயில்லை; பொருந்தாது.

“அரை மணித்தியாலம் தள்ளினால் சரி அக்கா,” என்றார் தரகர் கேதீஸ்வரன். “உவை லண்டன்காரர் என்ன, ஆஸ்பத்திரிக்குப் போய் மணிக்கூடு பாக்கப்போயினமே?”

“மாத்தேலாது,” என்றார் அருமைநாயகி.

“எல்லாரும் செய்யிறதுதானே அம்மா,” என்றாள் ஜெயனி. “கொம்பியூட்டரிலை ரெண்டு தட்டு.”

“எனக்கும் செய்தது பிள்ளை. அதுதான் கொப்பாவைக் கொண்டுபோனது.”

தரகர் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். அவர் தொழிலில் அது முதல் தடவையாக இருக்கும்.

ஜெயனி அந்தக் கோப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு கேட்டாள்: “அண்டைக்குப் போன மற்றப் பதினொரு பேரின்ரை பெண்சாதிமாருக்கும் எட்டிலையோ செவ்வாய்?”

“அவையின்ரை எனக்குத் தெரியாது. என்ரை தெரியும்.”

“செவ்வாய் பொய்யெண்டால் நேரத்தை மாத்துவம். மெய்யெண்டால் அப்பா செத்திட்டார். எதெண்டு சொல்லுங்கோ.”

எந்த ஆணைக்குழுவும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

“மாத்தாதை,” என்றார் அருமைநாயகி. பிறகு, “அவர் இருக்கிறார்,” என்றார்.

ஜெயனி உள்ள நேரத்தையே லண்டனுக்கு அனுப்பினாள். வட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டும் விழுந்தன, பதில் வரவில்லை. தாயும் மகளும் முன்னைப்போலவே எல்லாம் கதைக்கிறார்கள், அப்பாவைத் தவிர. மாத முடிவில் அருமைநாயகி தம்பிராசாவின் படத்தோடு காணாமற்போனோர் போராட்டப் பந்தலுக்குப் போகிறார். முன்பெல்லாம் பஸ் ஏற்றிவிட வரும் ஜெயனி இப்போது வருவதில்லை.