அக்காவின் பேனா

என் அக்கா அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மேற்பார்வையாளர். முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து மருந்துப் பெட்டியும் அவள் பொறுப்பு. யாருக்கு அடிபட்டாலும் பதறமாட்டாள். முதலில் இயந்திரம் நின்றதா என்று பார்ப்பாள். அப்புறம் பெயர் கேட்பாள், எங்கே வலி என்று கேட்பாள், சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடிப்பாள். கடைசியில் காதில் செருகிய பேனாவை எடுத்து, அடிபட்டவர் கையிலேயே நேரத்தை எழுதிவிடுவாள்.

"பேப்பர் தொலைஞ்சு போயிடும். கை எங்கடா போகும்?" என்பாள்.

"என் கை போனாலும் போகும்மா" என்பார் வெட்டு இயந்திரக்காரர்.

நான் அதே கம்பெனியில் பசை தடவி அட்டை ஒட்டுகிறேன். யார் விழுந்தாலும் தண்ணீர் தம்ளரோடு முதலில் ஓடுகிறவன் நான்தான். அதற்காக அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. "மயக்கத்துல இருக்கறவங்களுக்குத் தண்ணி ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்டா, மரமண்டை!" நாற்பது வயது ஆளை எல்லோர் முன்னாலும் இப்படித் திட்ட அவளால்தான் முடியும்.

போன மாதம் ஒருநாள் டீ குடித்துவிட்டு வந்தால், அக்கா பெட்டி அடுக்கில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கூப்பிட்டேன், பேச்சு குழறியது. வலது கை துவண்டு மடியில் கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியது தண்ணீருக்குத்தான். தம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோனபோதுதான் அந்த 'மரமண்டை' ஞாபகம் வந்தது. அப்படியே தரையில் கொட்டிவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? மூளையில ரத்தக்கட்டு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா நேரம் தெரியாம போட முடியாது."

யாரும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் ஏதோ கிறுக்கல். இடது கையால் எழுதியிருக்கிறாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி: 10.40.

"யார் எழுதினது?" என்றார் டாக்டர்.

"அவளேதான்" என்றேன். சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அக்கா வாய் திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, என்னை முறைத்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி குடுத்தியாடா?"

"இல்லக்கா. கீழ கொட்டிட்டேன்."

பாதி வாயால் சிரித்தாள்.