கதிர் கீழிருந்து வந்தது

வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒருவரிடம், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தப் போனேன். அவர் பிடித்துக்கொண்டார், எனக்குத்தான் மூச்சு நின்றது. வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி அடிவயிறு வரை இறங்கியது. சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினோரு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள் நான். என் வலது சிறுநீரகத்தில் பெரிய கல். அது வழியை அடைத்ததால் சிறுநீரகம் வீங்கத் தொடங்கியிருந்தது. பி.சி.என்.எல். (முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை உடைத்து எடுக்கும் அறுவை) செய்ய வேண்டும் என்றார் டாக்டர். நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

கத்திக்குப் பயந்து அல்ல. அந்த அறுவையில் எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் கல்லிடம் போவார்கள். எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. "இது ஒண்ணும் பண்ணாதும்மா" என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்லும் வாய், எனக்கு அதைச் சொல்ல மறுத்தது. நீங்களும் இப்படித் தள்ளிப்போடுகிறவரானால், தயவுசெய்து வேண்டாம். அடுத்த ஸ்கேனில் வீக்கம் கூடியிருந்தது. இனியும் விட்டால் சிறுநீரகமே போய்விடும் என்று டாக்டர் திட்டினார். கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்துவிட்டுத் தேதி கொடுத்தார்.

எங்கள் சென்டரின் லெட் ஏப்ரனை (கதிரைத் தடுக்கும் ஈய அங்கி) கேட்டு வாங்கிக்கொண்டேன். திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அதை மடியில் சுமந்து வந்த என் கணவர், "கல்ல எடுக்கத்தானே போறோம்? நீ என்ன இன்னொரு கல்லத் தூக்கிட்டு வாரே?" என்றார்.

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டரிடம் சொன்னேன்: "சார், இத என் இடுப்பு மேல போட்டுருங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஒங்க சென்டர்ல கதிர் வர்ற டியூப் மேல இருக்கும். இங்க டேபிளுக்குக் கீழ இருக்கும்மா. மேல போட்டா எதத் தடுக்கும்? படத்துக்குள்ள விழுந்துச்சுன்னா மெஷின் இன்னும் கூடத்தான் கதிர் விடும்."

பதினோரு வருடப் பழக்கம் மானத்தை வாங்கிவிட்டது. "அப்ப எனக்கு எதுதான் சார் பாதுகாப்பு?"

தரையில் இருந்த பெடலைக் காட்டினார். "என் காலுதான். இத மிதிச்சாத்தான் கதிர் வரும், தேவைன்னாத்தான் மிதிப்பேன். கல்லுக்குப் போற ஊசிய அல்ட்ராசவுண்டுல பாத்தே போட்டுக்கிறேன். கதிரையும் கிட்னி அளவுக்குச் சுருக்கிருவோம். அடிவயித்துக்கு நேரா வராது."

என் அங்கியை என் தலைமாட்டில் நின்ற நர்ஸ் மாட்டிக்கொண்டார். அங்கே ஒன்று குறைவாம். இல்லாவிட்டால் கதிர் விடும் ஒவ்வொரு முறையும் அவர் வெளியே போக வேண்டியிருக்கும். அதனால் கடைசி வரை என் கையைப் பிடித்திருந்தார்.

முதுகில் ஊசி போட்டதால் நெஞ்சுக்குக் கீழே மரத்திருந்தது. குப்புறப் படுத்து விழித்திருந்தேன். டாக்டர் மிதிக்கும்போதெல்லாம் 'பீப்' என்று சத்தம் வரும். எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. பிறகு நீண்ட அமைதி. திரையில் நின்ற கடைசிப் படத்தை வைத்தே வேலை நடந்துகொண்டிருந்தது. படம் கொஞ்சம் கலங்கினாலும் "இன்னொண்ணு எடுத்துருவோம்" என்று யோசிக்காமல் சொல்கிறவள் நான். இந்த மனிதர் ஒரு மிதிக்கு இவ்வளவு யோசிக்கிறார். அழுகை வந்துவிட்டது.

"வலிக்குதாம்மா?" என்றார் நர்ஸ்.

"இல்லக்கா. டாக்டரு கால எடுத்துட்டாரு."

கதிர் வந்த நேரம் மொத்தமும் ஒரு நிமிடத்துக்குக் குறைவு என்று பிறகு சொன்னார்கள். கல் போனது, வீக்கம் வடிந்தது, சிறுநீரகம் தப்பியது. ஸ்டென்டையும் (சிறுநீர் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) எடுத்தாயிற்று. குழந்தையைப் பற்றிக் கேட்டேன். "தாராளமாப் பெத்துக்கங்க" என்றார் டாக்டர். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். "இது ஒண்ணும் பண்ணாதுல்லக்கா?" என்று கேட்டார். முன்பென்றால் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லியிருப்பேன்.

"கொஞ்சம் இருங்கம்மா. ஒரே தடவையில எடுத்துருவோம்" என்றேன். அவரை நேராக நிற்க வைத்து, கதிர் படும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்தை நெஞ்சளவுக்குச் சுருக்கினேன். இன்னொரு முறை சரிபார்த்தேன். வெளியே வரிசை முணுமுணுத்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

அவரோடு சேர்ந்து நானும் பிடித்துக்கொண்டேன்.