இரட்டைக் கோட்டுக் கட்டம்

நாலாம் வகுப்பைத் தாண்டாத ஒரு மனிதர் வருஷத்துக்கு ஒரு நாள் ஊரையே முட்டாளாக்கினார் என்றால் நம்ப முடிகிறதா? நம்பித்தான் ஆக வேண்டும். மாலைப் பத்திரிகை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் செய்திகளையும் படங்களையும் அடுக்கி முதல் பக்கத்தைக் கட்டியவர் அவர். கட்டக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

பத்து வயதில் அச்சகத்தைப் பெருக்க வந்தார். ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கியே சரளமாகப் படிக்கக் கற்றார். அதனால் இடவலம் மாறிய எழுத்தை, படித்தவன் நேர் எழுத்தைப் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். கம்ப்யூட்டர் வந்ததும் ‘இதோடு இவர் ஆட்டம் முடிந்தது’ என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள்தான் வேலையை விட்டுப் போனார்கள். அவர் ஒரே மாதத்தில் மவுஸைப் பழகிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் மூன்று பேர் வந்து போனார்கள், அந்த நாற்காலி மட்டும் ஒரு அங்குலம் நகரவில்லை.

ஏப்ரல் முதல் தேதி அவருடைய நாள். முதல் பக்கத்தின் வலது கீழ் மூலையில் இரட்டைக் கோடு போட்ட ஒரு கட்டம் வரும். அதற்குள் ஒரு முழுப் புளுகு. மணிக்கூண்டுக் கடிகாரத்தைக் கழுவப் போவதால் இன்று நாலு மணி கிடையாது, மூன்றுக்கு அப்புறம் நேராக ஐந்து என்று ஒரு வருஷம் போட்டார். இரண்டு அலுவலகங்களில் ஆட்கள் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். தபால் நிலையத்தில் இடது கைக்காரர்களுக்குத் தனிப் பேனா என்று இன்னொரு வருஷம். பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். முதல் நாலைந்து வருஷம் ஊர் தெரியாமல் ஏமாந்தது. பிறகு தெரிந்தே ஏமாந்தது, அதில்தான் கொண்டாட்டம். பத்திரிகையை வாங்கியதும் தலைப்பைக்கூடப் பார்க்காமல் அந்த மூலையைத்தான் பார்ப்பார்கள்.

புளுகு சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. முந்தின நாள் அக்காவிடம் வாசித்துக் காட்டுவார். அப்பா அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்து அவரை வளர்த்தவள் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவருடைய வீட்டிலேயே இருந்தாள். கழுத்தில் மஞ்சள் அளவு நாடா எப்போதும் தொங்கும்.

“அப்படியாடா? நாலு மணி இல்லேன்னா குழந்தைங்க பால் எப்போ குடிக்கும்? அநியாயமா இருக்கே!” என்பாள்.

அக்கா நம்பிவிட்டால் அச்சுக்குப் போகும். மறுநாள் விஷயம் தெரிந்ததும் அந்த நாடாவாலேயே முதுகில் நாலு விளாசு விளாசுவாள்.

“பெத்த தாய் மாதிரி வளர்த்தேன், என்னையே ஏமாத்துறியா பெரிய மனுஷா?”

“நீ ஏமாந்தாத்தான்க்கா ஊரு ஏமாறும்.”

அறுபத்தைந்து வயதுக்கு மேல் அக்காவுக்கு ஒவ்வொன்றாக மறந்துபோனது. அடுப்பு மறந்தது, கிழமை மறந்தது, தெரு மறந்தது. கை மட்டும் தொழிலை மறக்கவில்லை. யார் எதிரே வந்தாலும் நிறுத்தித் தோளை அளப்பாள். அளவை உரக்கச் சொல்லி ஒரு சீட்டில் குறித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நின்று கொடுத்தார்கள்.

ஒரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலை, அவருடைய மகள் கதவைத் தாழிட மறந்துவிட்டாள். அக்காவைக் காணோம். பகல் முழுவதும் தெருத் தெருவாகத் தேடினார்கள். போலீஸிலும் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் அலுவலகத்தில் இருந்தார். சட்டை நேற்றையது.

“அண்ணே, மூணாம் பக்கத்துல காணவில்லை பகுதியில முதல்லயே போட்டுடுவோம்” என்றார் ஆசிரியர். நல்ல மனிதர், மகன் வயதிருக்கும்.

“மூணாம் பக்கமா? என் அக்காவுக்கா? தொலைஞ்சுபோன நாய்க்குட்டிக்குக் கீழேயா? இருபத்திரண்டு வருஷமா ஊரே முதல்ல பாக்குற இடம் எதுன்னு எனக்குத் தெரியாதா?”

தயாராக இருந்த புளுகைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்தக் கட்டத்துக்குள் அக்காவை வைத்தார். நாடாவை ஓங்கிக்கொண்டு அவள் சிரிக்கும் படம். பக்கத்தில் அவரே எழுதினார்: ‘காணவில்லை. வயது அறுபத்தெட்டு. தையல் தொழில். கழுத்தில் மஞ்சள் அளவு நாடா இருக்கும். எதிரே வருகிறவர்களை நிறுத்தித் தோள் அளவு எடுப்பார். மறுக்காமல் நின்று கொடுக்கவும். உடனே கீழே உள்ள எண்ணுக்குத் தெரிவிக்கவும்.’ ஒரு வார்த்தை பொய் இல்லை.

அச்சு மெஷின்காரர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“அண்ணே, தேதி இன்னிக்கு ஒண்ணு. அந்த ரெட்டைக் கோட்டையாவது எடுத்துடுங்களேன்.”

“கோடு இருந்தாத்தான்யா கண்ணு அங்க போகும். எனக்கே பக்கம் கட்டச் சொல்லித் தர்றியா? ஓட்டுய்யா மெஷினை.”

மெஷின்காரர் ஓட்டினார்.

இரண்டரை மணிக்குப் பத்திரிகை தெருவுக்குப் போனது. மூன்று மணிக்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. அவர் ஓடிப் போய் எடுத்தார்.

“சார், இந்த வருஷம் தூள்! அந்தம்மா யாரு, உங்க மேனேஜரா?”

அடுத்தது ஒரு பெண் குரல். “எங்க வீட்டுக்காரருக்குத் தோளே இல்ல. அளக்க ஆள் அனுப்புவீங்களா?” பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

“அம்மா, இது நிஜம்மா. அவங்க என் அக்கா.”

“அடேங்கப்பா, போன்ல கூட விடமாட்டேங்கிறாரே!”

அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் அவர்களுக்கு வேடிக்கையாகவே இருந்தது. அழுதார், நடிப்பு பிரமாதம் என்றார்கள். நாலரை மணிக்குள் நாற்பது போன் வந்திருக்கும். அப்போது ஒருவர் மூச்சுவிடாமல் சிரித்துக்கொண்டே பேசினார்.

“சார், என்னையும் அளந்துட்டாங்க சார்! பதினெட்டரையாம். இடது தோள் அரை அங்குலம் இறக்கமாம். எங்க டாக்டர் கூட இதுவரைக்கும் சொன்னதில்ல! ஆளையே போட்டு விட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க. சட்டை எப்போ சார் கிடைக்கும்? இப்ப இங்க—”

“போனை வைடா நாயே! உனக்கெல்லாம் அக்கா தங்கச்சி கிடையாதா?”

அவரே வைத்துவிட்டார்.

மறுநாள் அதே மூலையில், கோடே இல்லாமல், ‘நேற்று வந்தது உண்மைச் செய்தி’ என்று போட்டார்கள். இரண்டாம் நாளும் விடவில்லை என்று ஊர் இன்னும் சிரித்தது.

மூன்றாம் தேதி மருத்துவமனையிலிருந்து போலீஸுக்குத் தகவல் வந்தது. ஊர் எல்லையில் படகுத்துறையின் காத்திருப்புக் கூடத்தில், ஓரத்துப் பெஞ்சில் அக்கா கிடந்திருக்கிறாள். இரண்டு நாளும் மழைச் சாரல் அந்தப் பெஞ்சில்தான் அடித்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் பத்திரிகைக்காரர்கள் வைத்த ஆள் என்று கையசைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியில் தூக்கிவிட்டவள் கூடம் பெருக்க வந்த ஒரு பெண். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவர் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அக்கா, நான்தான்க்கா. இன்னிக்குப் பொய் எதுவும் கொண்டு வரலக்கா” என்றார். சாயங்காலம் அந்தக் கை சில்லிட்டது.

நர்ஸ் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். அதற்குள் ஊசி டப்பா, ஒரு துண்டுப் பென்சில், நாலைந்து சீட்டுகள். மேலே இருந்த சீட்டைப் பிரித்தார். அக்காவின் கோணல் கையெழுத்து: தோள் பதினெட்டரை. இடது, அரை இறக்கம்.

நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. ‘இப்ப இங்க’ என்றுதானே அவன் ஆரம்பித்தான்?

அதற்குப் பிறகு அவர் பக்கம் கட்டப் போகவில்லை. அந்த நாற்காலியை அப்போதுதான் நகர்த்தினார்கள். இரட்டைக் கோட்டுக் கட்டத்தை ஆசிரியரே நிறுத்திவிட்டார்.

ஊர் மறந்தது. ஆனால் இன்டர்நெட் மறக்கவில்லை. யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். எட்டு வருஷம் கழித்து மகள் போனை நீட்டினாள், முகம் வெளுத்திருந்தது. பத்திரிகைகள் செய்த மறக்க முடியாத குறும்புகள் என்று ஒரு பட்டியல், அதில் ஒன்பதாவது அக்கா. நாடாவை ஓங்கிக்கொண்டு சிரிக்கிறாள். கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு முகங்கள்.

“எடுக்கச் சொல்லி எழுதிட்டேன்பா. யாரும் பதில் போடல.”

இப்போது ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் அந்தப் படம் புதிதாகச் சுற்றுக்கு வருகிறது. காலை டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் மகளின் போனை வாங்கி ஒற்றை விரலால் தட்டுகிறார்: ‘இவர் என் அக்கா. செய்தி உண்மை. அன்று போன் செய்தவர் தோள் பதினெட்டரை, இடது அரை இறக்கம். திட்டியது நான்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும். இருந்தால் எழுதவும்.’

இந்த வருஷமும் எழுதினார். குளித்துவிட்டு வருவதற்குள் பதில்கள் குவிந்திருந்தன.

“விடுங்கப்பா. எல்லாம் கிண்டல்தான். படிக்காதீங்க” என்றாள் மகள்.

“கொண்டாம்மா.”

‘பெரியவரே, இன்னுமா விடலை? நீங்க கிங்!’ என்று ஒருவன். ‘என் தோள் பதினேழு, எனக்கும் ஒரு சட்டை’ என்று ஒருத்தி. ‘என் பூனைக்கு நாலு அங்குலம்’ என்று இன்னொருவன். அளவு எழுதியவர்கள் மட்டும் இருநூற்றுப் பதினோரு பேர். அவர் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பூனை உட்பட ஒவ்வொன்றாக, கடைசிவரை படித்தார்.

பதினெட்டரை இல்லை.

மறுபடியும் மேலே போய், முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.